நிமிர்ந்தவர்களுக்கு மட்டும் ஃபாரம்

உளவியல் துறையில் இருபத்தேழு வருடமாக அலுவலக உதவியாளராக இருக்கும் அந்த மனிதருக்கு, பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி துணைவேந்தர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஃபாரம் அண்ணன்தான். இந்தத் துறைக்காரர்களுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். மனிதர்களுக்குத் தூக்கம் வருகிறதா, கோபம் வருகிறதா, தூக்கம் வராததால் கோபம் வருகிறதா என்று நாற்பது கேள்வி எழுதி, நானூறு நகல் எடுத்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் நிரப்பி வாங்கிட்டு வந்துடுங்க" என்று நீட்டிவிடுவார்கள். கொஞ்சமாம்!

அவரும் சளைத்தவர் இல்லை. கக்கத்தில் அட்டை, அட்டையில் காகிதக் கட்டு, கயிறு கட்டிய பேனா பன்னிரண்டு. கயிறு ஏன் என்றால், கயிறில்லாமல் கொடுத்த பேனா ஒன்றுகூட இதுவரை வீடு திரும்பியதில்லை. அவர் வாங்கி வரும் ஃபாரத்தில் ஒரு கேள்விகூடக் காலியாக இருக்காது. துறையில் எத்தனையோ பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள், அத்தனை பட்டத்துக்கும் கால் வலித்தது இவருக்குத்தான்.

இந்த வருடம் வந்த ஆராய்ச்சி, கைப்பேசி பற்றியது. பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்மார்ட்போனுக்கு எவ்வளவு தூரம் அடிமை, அதற்கும் அவர்கள் தூக்கத்துக்கும் தனிமைக்கும் நட்புக்கும் என்ன தொடர்பு. முப்பத்துமூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏதாவதொரு எண்ணை வட்டமிட வேண்டும். ஒன்று என்றால் 'ஒருபோதும் இல்லை'. ஐந்து என்றால் 'எப்போதும்'. ஆராய்ச்சி செய்த பெண்ணுக்கு இது ஆறாவது வருடம். வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தால் "ஆய்வேட்டைக் கொடுத்துட்டு", தலை வலித்தால் "ஆய்வேட்டைக் கொடுத்துட்டு டாக்டர்கிட்ட போறேன்" என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தவள். நெறியாளர் தன் வகுப்புகளையும் அவள் தலையில் கட்டியிருந்ததால், ஃபாரம் கொடுக்கும் வேலை முழுசாக அண்ணனிடம் வந்தது.

ஒன்பதே நாளில் நானூறும் நிரம்பி வந்தது. கேன்டீன், நூலகம், பேருந்து நிறுத்தம், விடுதி வாசல் என்று ஓர் இடம் பாக்கி இல்லை. அந்தப் பெண் இரவு பகல் பாராமல் கணினியில் ஏற்றிக் கூட்டிப் பார்த்தாள். நூற்று அறுபத்தைந்துக்குச் சராசரி ஐம்பத்தெட்டு. அதாவது, இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் கைப்பேசிப் பழக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. எல்லோரும் பத்து மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுகிறார்கள், நண்பர்களோடு மனம்விட்டுப் பேசுகிறார்கள், சாப்பிடும்போது சாப்பாட்டைப் பார்க்கிறார்கள்.

நெறியாளர் அட்டவணையைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே ஒரு மாணவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய்த் தூணில் முட்டி, தூணிடம் "சாரி" சொல்லிவிட்டுத் தொடர்ந்து நடந்தான்.

"என்னம்மா இது? முனிவர்களுக்கா ஃபாரம் குடுத்தீங்க?" என்றார். "இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அதுக்குள்ள சரியான தரவு வரலைன்னா உங்க பதிவு ரத்து. ஏழாவது வருஷம்னு ஒண்ணு கிடையாது, தெரியுமில்ல?"

அவள் நேராக அண்ணனிடம் வந்தாள். "அண்ணே, நீங்க எப்படிக் குடுத்தீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றாள். இதிலென்ன இருக்கிறது என்று அவரும் உற்சாகமாகக் கேன்டீனுக்கு அழைத்துப் போனார்.

முதல் மேஜையில் ஒரு மாணவன். கை எட்டும் தூரத்தில் நின்று, "தம்பி" என்றார். அவன் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. "தம்பி." ஊஹூம். "தம்பி." அவன் திரையைப் பார்த்துத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டான். அண்ணன் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். அங்கே ஒரு பெண், மூன்று "ம்மா". அதற்கடுத்து இரண்டு பேர், மூன்று மூன்று. ஐந்தாவது மேஜையில் தோழியோடு கதையடித்துக்கொண்டிருந்த ஒருத்தி முதல் கூப்பாட்டிலேயே நிமிர்ந்து, "என்ன அங்கிள்?" என்றாள். அண்ணன் முகமெல்லாம் பல்லாக ஃபாரத்தை நீட்டினார்.

"அவ்வளவுதாம்மா. மூணு தடவை கூப்பிடுவேன். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தா குடுப்பேன். நாலாவது தடவை கூப்பிட்டா அது கெஞ்சல். முகம் நிமிராதவன் கையில காகிதத்தைத் திணிச்சா மேஜை துடைச்சுப் போட்டுடுவான். எனக்கு அனுபவம் இருக்கு" என்றார் பெருமையோடு.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"அண்ணே... நான் யாரைத் தேடினேனோ அவங்களை எல்லாம் ஒருத்தர் விடாம விட்டுட்டு வந்திருக்கீங்கண்ணே."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் முதல்லயே கூட வந்திருக்கணும்" என்று அவள் சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஆறு வருடப் படிப்பை ஒன்பது நாளில் கவிழ்த்த மனிதன் என்று தன்னைத்தானே வைதுகொண்டு, அன்று மாலை டீகூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் போர் தொடங்கியது. குனிந்த தலைகளிடமிருந்து குறைந்தது நூற்றைம்பது ஃபாரம் வேண்டும் என்று கணக்கு. ஒருவன் அருகில் போய்க் கையைத் தட்டினார். அந்தச் சத்தம் தான் பார்க்கும் வீடியோவில் வருகிறது என்று நினைத்து அவன் ஒலியைக் குறைத்தான். இன்னொருவன் கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் ஃபாரத்தை மெல்ல நுழைத்தார். அவன் கட்டைவிரலால் அதை மேலே தள்ளிப் பார்த்தான், போகவில்லை என்றதும் இன்னும் அழுத்தித் தள்ளினான். ஒரு பெண் பேனாவை வாங்கி, பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பார்சலை அங்கேயே வெச்சிடுங்க" என்றாள். மூன்று நாளில் மொத்த வசூல் ஒரு கையெழுத்து.

ஃபாரத்தைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாமே என்று புத்திசாலி யாராவது கேட்கலாம். அந்தப் பெண்ணும் கேட்டாள். நெறிமுறைக் குழு அனுமதித்தது காகிதத்துக்கு மட்டும்தானாம். மாற்ற வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும், குழு கூட வேண்டும், குழு கூடுவதற்குத் தேதி குறிக்க இன்னொரு குழு கூட வேண்டும். மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

அண்ணனின் மனைவி பேருந்து நடத்துனர். வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தவர், கணவர் புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயா சோறு இறங்கல?" என்றார். "எங்க பஸ்ல வந்து பாருங்க. ஸ்டாப் வந்துடுச்சுன்னு தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தரும் அசையறதில்ல. போன் 'இறங்குங்க'ன்னு சொன்னா மட்டும் குடுகுடுன்னு இறங்கறாங்க. போன் சொன்னா கேப்பாங்க, நாம சொன்னா கேக்க மாட்டாங்க."

அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து நின்றார். கேன்டீன்காரரிடம் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மணியடித்தால் யார் காதிலும் விழுவதில்லை என்று அவர் மணியைக் கழற்றிவிட்டு, டீ தயாரானால் குழுவில் செய்தி போடுவதுதான் இப்போது வழக்கம். விடியட்டும் என்று காத்திருந்து, முதல் ஆளாகப் போய் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டார். "அனுமதி கேட்டது ஃபாரத்துக்குத்தானே, கூப்பிடறதுக்கு இல்லையே" என்று அந்தப் பெண்ணும் சம்மதித்தாள்.

பதினோரு மணி. கேன்டீனில் எழுபது பேர் இருப்பார்கள். அண்ணன் தன் வழக்கப்படி ஒவ்வொருவரிடமும் போய் மும்மூன்று தடவை கூப்பிட்டார். ஒன்பது பேர் நிமிர்ந்தார்கள். அவர்களுக்குத் தனிக் கட்டிலிருந்து ஃபாரம் கொடுத்தாயிற்று. பிறகு கேன்டீன்காரருக்கு ஜாடை காட்டினார். குழுவில் செய்தி விழுந்தது:

'உங்கள் முன்னால் ஒருவர் காகிதத்தோடு நிற்கிறார். உங்களைத்தான் கூப்பிடுகிறார். தயவுசெய்து நிமிரவும். சூடாக உள்ளது, சீக்கிரம் வரவும்.'

கடைசி வரி கேன்டீன்காரரின் கைப்பழக்கம்.

முதலில் கைப்பேசிக்குள்ளேயே பதில்கள் வந்தன. 'யாரு?' 'நானா?' 'எவ்வளவு நேரம் சூடா இருக்கும்?' நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டார்கள். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தலைகள் நிமிர்ந்தன. அறுபது முகங்கள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தேழு வருடத்தில் இத்தனை முகத்தை அவர் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. நிமிர்ந்தவர்கள் அவரை மட்டுமா பார்த்தார்கள்? எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்து, "டேய், நீ இங்கயா இருக்க? லைப்ரரில இருக்கேன்னு இப்பத்தானே மெசேஜ் போட்ட!" என்று சண்டையைத் தொடங்கினார்கள்.

இப்படியே மூன்று நாள், நூற்றைம்பது ஃபாரம். கேள்வி விட்டுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிச் சரிபார்ப்பது அண்ணனின் வேலை. வழக்கமாக வட்டம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். இந்தத் தடவை இருபத்தேழாவது கேள்வியில் கண் நின்றது. 'என்னோடு பேச நேரில் யாரும் வருவதில்லை, அதனால் கைப்பேசியை எடுக்கிறேன்.' ஐந்து. அடுத்த ஃபாரத்திலும் ஐந்து. அதற்கடுத்ததிலும். சிலர் பேனாவை அழுத்தியதில் காகிதம் கிழிந்திருந்தது. அவர் காகிதக் கட்டை மேஜையில் வைத்து, முதல் ஃபாரத்திலிருந்து மறுபடியும் புரட்டினார்.

புதிய கட்டின் சராசரி நூற்று முப்பத்தொன்று. அந்தப் பெண் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாள். "அண்ணே! ஐம்பத்தெட்டு, நூத்து முப்பத்தொண்ணு! நீங்க செஞ்சது தப்பே இல்ல. கூப்பிட்டா நிமிரறவங்க ஒரு கூட்டம், நிமிராதவங்க ஒரு கூட்டம். இதுதான் என் ஆராய்ச்சியே!" ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் அந்த வாரத்திலேயே முளைத்தது. நெறியாளர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கறாரானவர். ஐந்தாம் அத்தியாயத்தில் வந்து பிடித்துக்கொண்டார். "ஒரு ஆள் கூப்பிடறதை எப்படி அளவுகோல்னு ஏத்துக்கறது? இன்னைக்கு ஒரு மாதிரி கூப்பிடுவார், நாளைக்கு ஒரு மாதிரி கூப்பிடுவார். இந்த அத்தியாயம் நிக்கலைன்னா ஆய்வேடே நிக்காது. அவரைக் கூப்பிடுங்க." அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. அண்ணன் டீ தட்டோடு உள்ளே வந்தார்.

"எத்தனை தடவை கூப்பிடுவீங்க?"

"மூணும்மா."

"எவ்வளவு தூரத்துல?"

"கை எட்டற தூரம்."

"என்ன சொல்லி?"

"பையன்னா தம்பி. பொண்ணுன்னா ம்மா."

"எத்தனை வருஷமா இப்படி?"

"இருபத்தேழும்மா. சத்தம்கூட மாறாது. வேணும்னா கேட்டுப் பாருங்க" என்று தட்டோடு நின்று, தேர்வாளரைப் பார்த்தே, "ம்மா, ம்மா, ம்மா" என்று மூன்று தடவை ஒரே சுருதியில் சொல்லிக் காட்டினார். அறையே சிரித்தது. தேர்வாளர் அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க துறையில இருக்கற மெஷின்கூட இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யாது" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "சரி, நிமிராதவங்களைப் பத்தி நீங்க என்ன நினைச்சீங்க?" என்றும் கேட்டார்.

"முதல்ல திமிருன்னு நினைச்சேம்மா. அப்புறம் ஃபாரத்தைப் பார்த்தேன். நேர்ல யாரும் வர்றதில்லன்னு எழுதியிருந்தாங்க." தட்டை இறக்கி வைத்தார். "நான் வந்தேனேன்னு முதல்ல கோவம்தான் வந்துச்சு. ஆனா மூணு தடவைக்கு அப்புறம் நானும்தானேம்மா போயிட்டேன்?"

தேர்வாளர் அம்மா தாள்களை அடுக்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் பட்டம் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பெண் வெளியே வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, தலைவலிக்கு டாக்டரைப் பார்க்கணும்" என்றாள்.

அதற்கு மறுநாள் மதியம் அண்ணன் அட்டையையும் பேனாக்களையும் துறையிலேயே வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு மட்டும் கேன்டீனுக்குப் போனார். மூலையில் தனியாகக் குனிந்திருந்த ஒருவனுக்கு எதிரே உட்கார்ந்து, கூப்பிடாமல் சாப்பிட ஆரம்பித்தார். கால் மணி நேரம் போனது. அவன் எதற்கோ நிமிர்ந்தவன், அவரைக் கண்டதும் பதறிப்போய்ச் சட்டைப்பையைத் தடவினான்.

"எத்தனை கேள்வி அண்ணே? பேனா குடுங்க."

"ஃபாரம் இல்லப்பா. சாப்பிடத்தான் வந்தேன்" என்றார்.

அவன் நம்பாமல் மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு கைப்பேசியை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, டப்பாவை எட்டிப் பார்த்து, "என்ன கொண்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டான்.