சூட்கேஸ் வேண்டாம் என்றவள்

எங்கள் ஊரில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு ஊர்ப் பணத்தில் ஆளுக்கொரு சூட்கேஸ் கொடுப்பது வழக்கம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே சின்ன ஊர். சூட்கேஸையும் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் திரும்பி வருவதில்லையே என்று வருஷம் முழுக்கப் புலம்புவோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

இதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் என் பக்கத்து வீட்டு மார்லிஸ் ஓல்ஃபர்ட். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் கணவன் ஹார்வ் பக்கவாதத்தில் விழுந்து ஊர் முதியோர் இல்லத்தில் இருந்தான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவன் இருக்கும் பகுதியை மூடிவிட்டு எல்லோரையும் நகரத்துக்கு அனுப்பப்போகிறோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நகரம் மூன்று மணி நேரப் பயணம். பனி கொட்டினால் அதுவும் இல்லை.

மார்லிஸ் அழவில்லை, யோசித்தாள். பராமரிப்பு உதவியாளர் படிப்பு நகரத்தில்தான் இருக்கிறது. படிக்கப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனையே வேலையும் கொடுக்கிறது. அப்புறம் கல்யாணம், வீடு எல்லாம் அங்கேதான். இங்கே தீயணைக்க ஓடிவர ஆளில்லை, ஹாக்கிக் குழுவுக்குப் பிள்ளைகளில்லை.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள். "இந்த வருஷம் சூட்கேஸ் வேண்டாம். அந்தக் காசுல சர்ச் கூடத்தைச் சரிபண்ணி, அந்தப் படிப்பை இங்க கொண்டு வருவோம்."

தானியக் கிடங்கு நடத்தும் லைல் வீப் சிரித்தான். "உன் புருஷனைப் பாத்துக்க எங்க பிள்ளைங்களக் கட்டிப் போடணுமா, மார்லிஸ்?"

எனக்கு அவன் காபியை அவன் தலையிலேயே கொட்டலாம் போலிருந்தது.

"ஆமா, என் புருஷனுக்காகத்தான் கேக்குறேன். பக்கத்து ரூம்ல உன் அம்மா இருக்காங்களே, அவங்களுக்காக யாரு கேப்பா? போறவங்க போகட்டும், லைல். இங்கயே இருக்கணும்னு நெனக்கிற பிள்ளைக்கு என்ன வழி வெச்சிருக்கோம், சொல்லு."

கூட்டம் கை தூக்கி ஒப்புக்கொண்டது.

வகுப்பை இங்கே நடத்த நகரத்துக் கல்லூரி எட்டுப் பேர் கேட்டது, ஏழு பேர்தான் கிடைத்தார்கள். "எட்டாவது நான்," என்றாள் மார்லிஸ். ஐம்பத்தொன்பது வயது அவளுக்கு. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக வகுப்புக்குப் போய் உட்காருவாள்.

"பஸ்ல பேசினா முன் சீட்டுக்கு வரச் சொல்வீங்களே, இப்ப நீங்களே பேசுறீங்க!" என்று, அவள் பேருந்திலேயே பள்ளிக்குப் போய்வந்து இப்போது கூடப் படிக்கும் டாரின் என்ற பெண் அவளைச் சீண்டினாள்.

"உனக்குப் பாடம் ஏறலயேன்னு சொல்லித் தர்றேன்டி!"

செய்முறைப் பயிற்சி எங்கள் ஊர் முதியோர் இல்லத்திலேயே என்று முடிவானது. ஆள் கிடைத்ததும் மூடும் பேச்சை நிர்வாகம் கைவிட்டது. ஒரு விதி மட்டும் இருந்தது: அவரவர் சொந்தக்காரர்களை அவரவரே கவனிக்கக் கூடாது. ஹார்வ் டாரின் பொறுப்பு, லைலின் அம்மா மார்லிஸ் பொறுப்பு.

பயிற்சியின் முதல் நாள் காலை மார்லிஸ் அந்த அம்மாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையிலிருந்து ஹார்வ் குழறலாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"வேலையில இருக்கேன், ஹார்வ். டாரின் வர்றா, அவ கையால சாப்பிடு. முடிச்சிட்டு வர்றேன்."

அவன் மறுபடியும் கூப்பிட்டான். மார்லிஸுக்குக் கண் கலங்கியது. கிழவியின் பாதங்களை ஈரமில்லாமல் துடைத்து, காலுறை மாட்டிவிட்ட பிறகுதான் எழுந்து போனாள்.