வெள்ளையைச் சீவிய வில்

குற்றம் சொல்ல ஒருவரும் இல்லாதபோது ஒரு மனிதன் யார் முன்னால் வெட்கப்படுகிறான்? கூட்டேரிப்பட்டுத் தச்சர் துரைக்கண்ணுவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு முறையாவது வந்திருக்கும்.

அவர் கதவும் கட்டிலும் செய்பவர். விழுப்புரத்தில் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லித்தரும் அறிவுச்செல்வன் கேட்டதால் வில்லும் செய்யத் தொடங்கினார். மரம் பூவரசு. உள்ளே வைரம் ஊதா கலந்த கருஞ்சிவப்பாக இருக்கும். அதன்மேல் வெளுத்த மரம். வில்லின் முதுகில் அந்த வெள்ளையை விட்டுவைக்க வேண்டும். இழுக்கும்போது அறாமல் தாங்குவது அதுதான்.

அவரிடம் பயிலும் அஸ்வினி என்ற சிறுமிக்காகத் துரைக்கண்ணு செய்த வில்லில் நிறம் ஒரு ஒழுங்கில் இல்லை. வெள்ளைக்குள் ஊதா வரிகள் புகுந்து திட்டுத் திட்டாக ஓடின. கட்டில் வாங்க வந்த சீனுவாசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா துரை, ஒட்டுப் போட்ட மரமா? மறை மாடு மாதிரி திட்டுத் திட்டா கீது."

"ஒரே மரம்தாங்க."

"நான் நம்பறேன்பா. வாங்கறவன் நம்பணுமே."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அன்று சாயங்காலமே துரைக்கண்ணு இழைப்புளியை எடுத்து வெள்ளையை முழுக்கச் சீவிவிட்டார். வில் ஒரே நிறமாக, கடைச் சாமான்போல மினுங்கியது.

மைதானத்தில் அஸ்வினி நாணைக் கன்னம்வரை இழுத்ததும் வில் முறிந்தது. சிராய் ஒன்று அவள் காதோரத்தைக் கிழித்தது.

"நான்தான் மாமா ஓவரா இழுத்துட்டேன். சாரி" என்றாள், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

"பரவால்லம்மா" என்றார் துரைக்கண்ணு.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. தன்னை மன்னிக்க வேண்டியவளைத் தான் மன்னித்துவிட்டு வந்திருக்கிறார்.

காயம் ஆறியது. ஆனால் அஸ்வினி இரவல் வில்லைப் பாதிதான் இழுத்தாள். அம்புகள் பலகைக்கு முன்னாலேயே மண்ணில் குத்தின. "பொண்ணு பயப்படுது. போட்டியிலேர்ந்து பேரை எடுத்துடலாம்னு இருக்கேன்" என்று அறிவுச்செல்வன் போனில் சொன்ன நாளில் துரைக்கண்ணு இன்னொரு பூவரசுக் கட்டையை எடுத்தார்.

புது வில்லோடு போனார். வெள்ளையும் ஊதா வரியும் அப்படியே இருந்தன. பெற்றோர்களும் நின்றிருந்த இடத்தில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கி ஒடஞ்சது ஒன்னால இல்லம்மா. பார்க்க லட்சணமா இருக்கணும்னு மேல் மரத்தை நான்தான் சீவினேன். சீவினா தாங்காதுன்னு தெரியும். சின்னப் பொண்ணு, எவ்ளோ இழுத்துடப் போவுதுன்னு நெனச்சிட்டேன்."

அஸ்வினி கையை நீட்டி வில்லை வாங்கினாள்.

"எவ்ளோ இழுப்பேன்னு இப்பப் பாருங்க மாமா."

கன்னம்வரை இழுத்தாள். அம்பு பலகையில் தைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"வுடுங்கண்ணா, ஆச்சு" என்று அறிவுச்செல்வன் அவர் தோளைத் தொட்டார். "மத்த பசங்களுக்கும் வேணும். ஜல்தியா செஞ்சிக் குடுங்க."

துரைக்கண்ணு திண்டிவனம் பஸ் பிடித்து ஊருக்கு வந்தார். பட்டறையில் வில்லுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பூவரசு முழுவதையும் கட்டில் காலாக அறுத்துப் போட்டார். பிறகு அவர் வில் செய்யவே இல்லை. ஏன் என்று கேட்டு வந்த அறிவுச்செல்வனிடம், கட்டில் எத்தனை அடியில் வேண்டும் என்று கேட்டார்.