வலைக்குப் பின்னால் நின்றவர்கள்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையில் வெங்கடசாமியின் நாற்றுப்பண்ணை இருந்தது. தக்காளி, முட்டைக்கோஸ், குடைமிளகாய் நாற்று வேண்டுமென்றால் சுற்றுவட்டார விவசாயிகள் அங்கேதான் வருவார்கள். குழித்தட்டுகளில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக வைப்பது பெண்களின் வேலை. அவர்களில் ஒருத்தி சரசம்மா. வாய் சும்மா இருக்காதவள். குடிக்கிற தண்ணீர் கலங்கி வந்தாலும் கேட்பாள், கூலி தாமதமானாலும் கேட்பாள். அதனால் முதலாளிக்கு அவள்மேல் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் பயம்.

தொண்ணூற்று நான்கில், விதை ஊன்றும் இயந்திரம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. பூசணிக்காய் உடைத்துப் பூஜை போட்டார்கள். பெண்கள் நெற்றியில் குங்குமத்தோடு நின்றுகொண்டிருக்கும்போதே வெங்கடசாமி சொல்லிவிட்டார், திங்கட்கிழமையிலிருந்து சரசம்மா மட்டும் வந்தால் போதும், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதும் என்று. எல்லாரிலும் மூத்தவளான நாராயணம்மா, இந்த வயதில் எங்கே போவது என்று கேட்டாள். ஓசூரில் இல்லாத கம்பெனியா என்றார் அவர். நாற்பது தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணை எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்க விடமாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

ஆனால் இயந்திரம் சொன்னபடி கேட்கவில்லை. நார்க்கழிவில் ஈரம் கொஞ்சம் கூடினால் அடைத்துக்கொண்டது. ஒரு குழியில் மூன்று விதை விழுந்தது, அடுத்த குழி வெறுமையாகப் போனது. பெங்களூர் மெக்கானிக் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்றே இழுத்தடித்தான். அதற்குள் பண்ணையில் பணம் போட விரும்பியவர்களும் பாங்க்காரர்களும் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

வெங்கடசாமி அனுப்பிவிட்ட பெண்களுக்கே ஆள் விட்டார். மறுபடி வேலை கிடைக்கும் என்ற நினைப்பில் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். பார்க்க வரும் நாளன்று காலையிலேயே கையால் விதை வைத்துத் தட்டுகளைத் தயார் செய்தார்கள். இயந்திரத்தின் பின்பாதியைப் பச்சை நிழல்வலையால் மறைத்து, அதற்குப் பின்னால் அவர்களை நிற்கவைத்தார். சத்தம் வரக்கூடாது, இருமல் வந்தால் சேலையை வாயில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மோட்டார் ஓடும்போது அவர்கள் தட்டுகளைப் பெல்ட்டில் வைக்கவேண்டும். அவை மறுபக்கம் நகர்ந்து வரும். சரசம்மாவுக்குப் புது நீலக் கோட்டு மாட்டி வெளியே, பொத்தான் பக்கத்தில் நிறுத்தினார்.

வந்தவர்கள் தட்டுகளைக் குனிந்து பார்த்தார்கள். எந்தக் குழியிலும் ஒரு விதைக்கு மேல் இல்லை. பாராட்டினார்கள்.

"பொம்பளைங்க கை பட்டா இந்தச் சுத்தம் வராதுங்க," என்றார் வெங்கடசாமி.

சரசம்மா மோட்டாரை நிறுத்தினாள். நேராகப் போய் வலையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தக் கை இங்க இருக்குதுங்க சார், பாருங்க. நாராயணம்மாக்கா, வெளிய வாங்க."

நார்க்கழிவு ஒட்டிய கைகளோடு பெண்கள் தலைகுனிந்து நின்றார்கள். தப்பு செய்தவர்கள் போல அவர்கள் ஏன் தலைகுனிய வேண்டும்? அதைத்தான் சரசம்மாவால் தாங்க முடியவில்லை. வந்தவர்களில் ஒரு பெரியவர், விதை வைக்காத வெறும் தட்டை வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னார். கரண்டு இல்லை என்றார் வெங்கடசாமி. அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் டீகூடக் குடிக்காமல் காரில் ஏறினார்கள்.

"உன்ன நம்பித்தானே கோட்டு போட்டு நிக்க வெச்சேன்?" என்று கத்தினார் வெங்கடசாமி.

"என்ன நிக்க வெச்சீங்க, அவங்கள ஒளிய வெச்சீங்க. நாங்க என்ன திருடவா வந்தோம்?"

கோட்டைக் கழற்றி அவர் மேசைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

சாலையில் நாராயணம்மா அவள்மேல் பாய்ந்தாள். பேசாமல் இருந்திருந்தால் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருப்பார், அதையும் கெடுத்துவிட்டாய் என்றாள்.

"கூப்ட்டிருப்பாரு அக்கா. யாராவது பாக்க வர்றப்பல்லாம் ஒளிஞ்சி நிக்கக் கூப்ட்டிருப்பாரு."

நாராயணம்மா அதன்பிறகு பல நாள் முகம் கொடுத்தும் பேசவில்லை.

பிறகு மெக்கானிக் வந்தான், இயந்திரமும் ஒழுங்காக ஓடியது. வேறு ஒரு பாங்கு வெங்கடசாமிக்குக் கடன் கொடுத்தது. அவர் செய்ததை யாரும் கேட்கவில்லை. சரசம்மாவுக்கு ஆறாதது அதுதான். இயந்திரத்தின்மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை.

பாகலூர் சாலையில் திம்மராயன் என்பவரின் நாற்றுப்பண்ணையில் அவளுக்கு வேலை கிடைத்தது. நாராயணம்மாவையும் அவளே அங்கே கூட்டிப்போனாள். சில வருஷம் கழித்துத் திம்மராயனும் அதே மாதிரி இயந்திரத்துக்கு முன்பணம் கட்டினார். கேள்விப்பட்ட அன்றே சரசம்மா போய், யாரை வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவர் அதை யோசித்திருக்கவே இல்லை. முகம் சுளித்து, இங்கே ரோஜாச் செடிகளுக்கு ஒட்டுக்கட்டப் போதுமான ஆள் இல்லை, எல்லாரையும் அந்தப் பக்கம் மாற்றிவிடுகிறேன் என்றார்.

"எங்கிட்ட சொன்னா ஆச்சுங்களா? எல்லாரையும் கூப்ட்டுச் சொல்லுங்க."

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் காலை எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்.