வெள்ளவத்தை வானத்தில் எண்ணியவை

யாழ்ப்பாண ரயிலுக்கு இரவுவரை நேரமிருக்கிறது. வெள்ளவத்தைக் கால்வாயோரப் பற்றை வெளியில் நின்று வண்ணத்துப்பூச்சிகளை எண்ணுகிறேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் பாதிக் கொழும்பு ஊர்களுக்கு ஓடிவிட்டது. இவை மட்டும் வெள்ளை வெள்ளையாக, அவசரமில்லாமல் கிழக்கே போகின்றன. இரண்டு தென்னைகளுக்கு நடுவே கடப்பவற்றை மட்டும், பைனாக்குலரை இறக்காமல், வாய்விட்டு எண்ணுகிறேன்.

பக்கத்துக் கடைக்கார முஸ்லிம் நானா மூச்சிரைக்க ஓடிவருகிறார்.

"எத்தன ப்ளேன் தம்பி? எந்தப் பக்கத்தால வருது?"

கணக்குத் தவறியதில் எனக்கு எரிச்சல். "ப்ளேன் இல்லை நானா. வண்ணத்துப்பூச்சி எண்ணுறன்."

அடிக்க வந்தவர்போல் முறைக்கிறார். பிறகு மேலே பார்க்கிறார். அப்படியே புல்லில் உட்கார்ந்து, இருமல் வரும்வரை சிரிக்கிறார்.

"பாவா ஆதம் மலைக்கு வருசா வருசம் யாத்திர போற கூட்டமா! அல்ஹம்துலில்லாஹ்! பொண்டாட்டிய பதுங்குகுழிக்குள்ள எறக்கிப் போட்டுத்தான் ஓடி வாறேன்."

எழுந்து கடைப்பக்கம் திரும்பிக் கத்துகிறார்: "வெளிய வாங்க, பூச்சிதான்!"

முந்தானையெல்லாம் செம்மண்ணோடு அவர் மனைவி பதுங்குகுழியிலிருந்து ஏறி வருகிறார். நான் மறுபடி எண்ணத் தொடங்கவில்லை. மூவரும் அண்ணாந்து நிற்கிறோம்.

"இவ்வளவும் எங்கட தலைக்கு மேலால போயும்," என்கிறார் அந்த அம்மா, "ஒண்டும் விழல்லயே."