பை ஆடிய தூரம்: கட்டுமாவடிக்கு ஒரு நாள்

கடல் பார்க்கவோ மீன் வாங்கவோ நான் கட்டுமாவடிக்குப் போகவில்லை. ஒரு வாக்கியம் கேட்கப் போனேன். என்னோடு கராத்தே பழகிய ரஹீமுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று பொது நண்பர் ஒருவர் போனில் சொன்னார். எனக்கு வருத்தம் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். தலை உயரத்துக்குக் காலை வீசியவனுக்கு அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். அந்த மாசி மாதச் சனிக்கிழமையே கிளம்பினேன்.

திருச்சியில் காலை 6.10க்குப் பேருந்து. புதுக்கோட்டை 7.35, கட்டணம் 45 ரூபாய். அங்கிருந்து அறந்தாங்கி ஒரு மணி நேரம், 30 ரூபாய். இட்லிக்கு அங்கேயே இறங்கிவிடுங்கள். சாம்பாரிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். 9.30க்குக் கிளம்பிய நகரப் பேருந்து 10.25க்குக் கட்டுமாவடியில் இறக்கிவிட்டது. ஆட்டோவுக்கு 50. ஓட்டுநரிடம் ரஹீம் பெயரைச் சொன்னதும், “கராத்தே பாய் வீடா? அங்கிட்டுத்தான் போறேன், ஏறுங்க. பாவம், இப்பல்லாம் அவரு காலை நாந்தான் தூக்கி ஆட்டோவுக்குள்ள வைக்கிறேன்” என்றார்.

நாங்கள் பழகியது அறந்தாங்கியில், ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில். உத்தரத்தில் மணல் அடைத்த சாக்குப்பை தொங்கும். உதைத்ததும் பை எவ்வளவு தூரம் போகிறதோ அதுதான் உதையின் பலம் என்பது எங்கள் கணக்கு. தரையில் கரிக்கோடு போட்டு அளப்போம். நான் இடுப்பு உயரத்தில் உதைப்பேன்; பையின் அடிப்பாகம் அங்கேதான் இருக்கும். ரஹீம் தலை உயரத்தில் உதைப்பான். பை லேசாக மடங்கி நின்றுவிடும். என் கோடு எப்போதும் அவனுடையதற்கு இரண்டடி முன்னால். ஆனாலும் மாநிலப் போட்டிக்கு எங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வந்த நடுவர் அவனை அனுப்பினார். உயரத்தைப் பார்த்து மயங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். அவர் நலமாக இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை.

பிறகு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியனானேன். கால் உயர உயர அதைத் தூக்கவே வலு செலவாகிறது, இடுப்பு உயரத்தில்தான் உடலின் சுழற்சி முழுதாக உதையில் சேர்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். “நீதான் போயிருக்கணும்” என்று ரஹீம் தன் வாயால் சொல்ல வேண்டும். இத்தனை பேருந்து ஏறியது அதற்காகத்தான்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எழ முயன்று, முடியாமல், கையை மட்டும் நீட்டினான். போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் அவன் மகள் நஸ்ரின் பையை உதைத்துக்கொண்டிருந்தாள். கீழே உதைத்தபோது பை சுவர்வரை போனது; மேலே உதைத்தபோது அசைந்ததோடு சரி. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எதில் பலம் அதிகம் என்று உன் மகளே காட்டிவிட்டாள் பார் என்றேன்.

அவள் சிரித்தாள். “கீழ தள்ளுனா தூரமா ஆடத்தானே செய்யும், மாமா? ஊஞ்சலோட கயித்த மேல புடிச்சுத் தள்ளிப் பாருங்க, நகராது. நீங்க ஃபிசிக்ஸ் சாருன்னுல்ல அத்தா சொன்னாங்க?”

ஊசல் பாடத்தை இருபத்தாறு வருடமாக நடத்துகிறேன். அந்தச் சாக்குப்பையை ஒருமுறைகூட ஊசலாக நினைத்துப் பார்த்ததில்லை.

ரஹீம் என் கையில் உதையைத் தாங்கும் மெத்தை போன்ற பேடு ஒன்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். நஸ்ரின் இடுப்பு உயரத்தில் உதைத்தாள், முழங்கைவரை அதிர்ந்தது. தலை உயரத்தில் உதைத்தாள்; உள்ளங்கை எரிந்தது, அவ்வளவுதான்.

“ஒன் கணக்கு தப்பில்ல மாப்ளே. ஒரே ஆளு ஒதைச்சா, ஒசரம் போகப் போக வலு கொறையத்தான் செய்யும்” என்றான் ரஹீம். “ஆனா ஒனக்கு நான் ஆறு வருசம் பேடு புடிச்சிருக்கேன். ஒன் ஒதை தள்ளும். ஒருநாளும் வலிச்சதில்லடா.”

அவன் உதைக்குப் பேடு பிடித்த நாட்களில் எனக்கு மறுநாள் பேனா பிடிக்க வராது. அது நினைவிருந்தது. அதை எந்தக் கணக்கிலும் நான் சேர்த்ததில்லை. அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“சொன்னா நீ கொட்டகைக்கு வரமாட்ட. ஏங்கூட நிக்க வேற யாரு இருந்தா?”

நடுவர் அவனைத் தேர்ந்தெடுத்த மறுநாளே கொட்டகைக்குப் போவதை நிறுத்தியவன் நான். அவன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவன் மனைவி இறந்த செய்தி வந்தபோதும் போகவில்லை.

பேடைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “நீதான் போயிருக்கணும்னு நான் சொல்லணும், அதுக்குத்தானே வந்திருக்க? வேணும்னா சொல்றேன் மாப்ளே” என்றான். கிண்டல் இல்லை, நான் கேட்டால் சொல்லியே இருப்பான். வேண்டாம் என்றேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மதியத்தில் அறந்தாங்கிக்குப் பேருந்து குறைவு, 3.20ஐ விட்டால் காத்திருக்க வேண்டும். மீன் வாங்குவதானால் காலையிலேயே வாங்கிவிடுங்கள். உதை பழகுகிறவர்கள் பை ஆடும் தூரத்தை நம்பாதீர்கள். பேடு பிடித்தவரைக் கேளுங்கள், அன்றைக்கே கேளுங்கள்.

வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான் ரஹீம். பார்த்துப் போ என்றான். அடுத்து எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை. முப்பது வருடம் வராதவனிடம் யார் அப்படிக் கேட்பார்கள்?