முழங்கால்மேல் ஒரு தம்ளர்

அந்தப் பித்தளைத் தம்ளரின் விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. என் முழங்காலிலிருந்து விழுந்து விழுந்து வந்தது. உட்கார்ந்தால் காலாட்டுகிற பழக்கம் எனக்கு, கிழவனாகியும் விடவில்லை. இன்டர்வியூவில் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் காலாட்டினால் வேலை கிடைத்தாற்போலத்தான் என்று மதினி, என் அண்ணன் மனைவி, அதில் தண்ணீரை நிரப்பி என் முழங்கால்மேல் வைப்பாள். சிந்தாமல் பதில் சொல்ல வேண்டும். சிந்தாத நாளே இல்லை. என் வேட்டி எந்நேரமும் ஈரம்தான்.

யுத்த காலம். ரங்கூனில் கடை வைத்திருந்த அண்ணனைப் பற்றி, அங்கே குண்டு விழுந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. தூத்துக்குடி வீட்டில் அம்மா, மதினி, நான். அவன் அனுப்பியதில்தான் அடுப்பு எரிந்தது. ஆறுமுகநேரியிலிருந்து வந்த மதினியின் அப்பா அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒங்க சின்ன மவனுக்கு இந்தக் கப்பல் கம்பெனி வேலை கெடைச்சா புள்ள இங்கன இருக்கட்டும். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போயிருதேன்."

மதினிக்குப் போக மனமில்லை. "அவிய கப்பல்ல வந்து எறங்கயில நான் இங்கன நிக்கணும் தம்பி" என்பாள். ஆகவே இன்டர்வியூ எனக்கு, படபடப்பு இருவருக்கும். என் வயதுதான் அவளுக்கும். இங்கிலீஷும் என்னைப்போல அரைகுறைதான். முக்காலியில் துரையாக உட்காருவாள். ஆனால் அந்தத் துரையால் ஓரிடத்தில் இருக்க முடியாது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பாள். துறைமுகத்தில் சங்கு ஊதினால் என் பதிலை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடுவாள். திரும்பி வந்து, "முழிக்காதிய, எஸ் சாரோ நோ சாரோ பட்டுனு சொல்லுங்க" என்று என்னை விரட்டுவாள்.

கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் கப்பலுக்குத் தோணியில் போய், இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கிற குமாஸ்தா வேலை அது. கப்பல் கம்பெனித் துரை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கால்கூட ஆடவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். கடைசியாக, "கடலில் போனால் உனக்கு வாந்தி வராதே?" என்று இங்கிலீஷில் கேட்டார். பட்டென்று "எஸ் சார்" என்றேன். அவர் புருவம் உயர்ந்தது. மறுபடியும் அதையே கேட்டார். நம்பவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்க, "எஸ் சார்!" என்றேன்.

வெளியே வந்ததும், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமைக் குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, வாந்தி வரும்னுல்லா ரெண்டு தடவையும் சொல்லிட்டு வந்திருக்க! 'வராதே'ன்னு கேட்டா நாம 'ஆமா, வராது'ம்போம். அவன் பாசையில அதுக்கு நோன்னுலே சொல்லணும்." சின்ன வயதிலிருந்தே தோணியில் ஏறித் திரிந்தவன் நான். ஆத்திரமாக வந்தது. அதற்குள் அடுத்த ஆள் உள்ளே போய்விட்டிருந்தான்.

மதினி வாசலிலேயே நின்றாள். நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன் சேதி நின்றபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டுக்காரவிய இன்னும் வரலியான்னு தெருவே கேக்கு. நானும் ஆமா ஆமாங்கேன். அந்தத் துரை கணக்குப்படி பாத்தா, அவிய வந்துட்டாவல்லா தம்பி?"

அதற்குமேல் அவளால் சிரிக்க முடியவில்லை; அழுதாள். அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அந்த வாரமே அவள் அப்பா வண்டியோடு வந்துவிட்டார். போகும்போது தம்ளரை என் கையில் கொடுத்து, "அடுத்த இன்டர்வியூவுக்கு ஆகும்" என்றாள்.

பிறகு எனக்கு உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் வேலை கிடைத்தது. மதினி கண்ணை மூடியும் வெகுகாலமாகிறது. தம்ளர் என் மேசைமேல் இருக்கிறது; மேசைக்கடியில் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. எப்போதாவது பழைய ஆள் யாராவது வந்து, "அண்ணன் கடைசிவரைக்கும் வரவே இல்லையோ?" என்று கேட்பார்.

"ஆமா" என்பேன். அதைச் சொல்லும்போது மட்டும் கால் ஆடுவதில்லை.