ஊதாமல் விட்ட அடுப்பு

என் மகள் சாப்பிடமாட்டாள் என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த செய்தி. கம்மங்கூழைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வாள். சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைத்திருந்து, நான் முகத்தைத் திருப்பியதும் துப்புவாள். ஆட்டுக்கறியை அவித்து மசித்தும் கொடுத்துப் பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளையின் கையும் காலும், பருத்தி எடுத்தபின் காய்ந்து நிற்கும் பருத்திமார்க் குச்சி மாதிரி இருந்தன. குற்றம் என் பாலிலா, என் கைப்பக்குவத்திலா, இல்லை நான் படித்த படிப்பிலா என்று ராத்திரியும் பகலும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கோவில்பட்டியில் ரயில் பாதைக்குத் தெற்கே வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் மணியாச்சி ஸ்டேஷனில் குமாஸ்தா. காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்புவார். அவருடைய அக்கா, எனக்கு மதினி, பசுவந்தனையில் காடு கரையோடு வாழ்கிறவர், பிள்ளை இல்லை. அந்தச் சித்திரையில் பருத்தி எடுப்பு முடிந்து எங்களைப் பார்க்க வந்தவர், வந்த அன்றைக்கே பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏட்டி, நீ படிச்சு என்னத்துக்கு? ஒரு பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டத் தெரியல. ஞாயித்துக்கெழம பஸ்ஸுக்கு இவள நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு வருசம் எங்கிட்ட கெடக்கட்டும். உருண்ட பிள்ளையாக் கொண்டாந்து விடுதேன்."

கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொல்லுததும் நாயந்தான்" என்றார்.

அன்று முழுக்க, பிள்ளை ஆசைப்பட்டுத் தின்ற ஒரே பொருள் எது என்று யோசித்தேன். போன கிறிஸ்துமஸுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்திய கார்டின் மனைவி, பன்றியின் விலா எலும்பைப் புகையில் வேகவைத்துக் கொடுத்தார். எலும்பைப் பிடித்து இழுத்தாலே கறி கழன்று வரும். பிள்ளை ஒரு எலும்பை வெள்ளையாகும்வரை சப்பினாள். எப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டில் நடக்கக்கூடிய காரியமா என்ற எண்ணம்தான். இப்போது கேட்கலாம் என்றால், அவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

மறுநாள் கணவரிடம் பன்றி விலா எலும்பு வாங்கிவரச் சொன்னேன். அவர் மறுக்கத் தெரியாதவர். அக்காவுக்கும் மறுக்கவில்லை, எனக்கும் மறுக்கவில்லை. சந்தைக்குப் பின்னால் போய் ஓலைப்பட்டையில் கட்டி வாங்கிவந்தார்.

மதினி மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டார். "சீ, பன்னியா? நம்ம வீட்டு அடுப்புலயா?"

"அடுப்புல இல்ல மதினி, புறவாசல்ல."

"இது பசுவந்தனையில தெரிஞ்சா நான் அங்கன தல காட்ட முடியுமா?"

"அப்ப அங்கன சொல்லாதீங்க."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் புறவாசலுக்குப் போய்விட்டேன்.

வாய் உடைந்த பெரிய பானையைப் புறவாசலில் வைத்து, அதற்குள் அடியில் பருத்திமாரைப் போட்டுப் பற்றவைத்தேன். மேலே கம்பி வலையில் கறி. அதற்கு மேல் ஒரு சட்டி மூடி. வெந்துவிட்டதா, கருகிவிட்டதா என்று நொடிக்கொரு தரம் மூடியைத் திறந்தேன். புகை வரும்போதெல்லாம் ஊதுகுழலை எடுத்து ஊதினேன். கடைசியில் கிடைத்தது வெளியே கரியும் உள்ளே நாருமான ஒரு பொருள். பிள்ளை கடித்துப் பார்த்துவிட்டு அழுதாள்.

"இத எடுத்து வையிட்டி. எந்தம்பி செருப்புக்கு அடித்தோல் போடலாம்" என்றார் மதினி.

எங்கே பிசகியது என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு மருமகளை அடுப்பை வைத்துத்தான் எடைபோடுவார்கள். அடுப்பு புகைந்தால் அவள் சோம்பேறி. பருத்திமார் சட்டென்று பிடித்துச் சடசடவென்று எரிந்து அடங்கும் விறகு. அதை அணையவிடாமல் ஊதி ஊதித்தான் நாங்கள் சமைத்துப் பழகியவர்கள். புகையைக் கண்டால் கை தானாக ஊதுகுழலுக்குப் போய்விடும். புகையில் வேகவேண்டிய கறியின் புகையை நானே ஊதி ஊதித் தீயாக்கியிருக்கிறேன். போதாததற்கு, திறந்து திறந்து இருந்த சூட்டையும் வெளியேற்றியிருக்கிறேன்.

சனிக்கிழமை இன்னொரு தரம் வாங்கிவரச் சொன்னேன். எலும்பின் உட்பக்கம் ஒட்டியிருந்த சவ்வை நகத்தால் கெல்லி உரித்தெடுத்தேன். உப்பும் பூண்டும் மிளகும் கொஞ்சம் கருப்பட்டியும் அரைத்துத் தடவி ஊறவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலங்கட்டையைத் தனியாக எரித்துக் கங்காக்கி, பானையின் ஒரு ஓரத்தில் தள்ளினேன். அதன்மேல், எரியாமல் புகைந்துகொண்டே இருக்க ஈரக் கடலைத் தொலி. கறியை மறு ஓரத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்தேன். மூடிக்குமேல் நனைத்த சாக்கு. எல்லாம் முடிந்ததும் ஊதுகுழலை எடுத்து ஓட்டுக் கூரைமேல் எறிந்தேன். கைக்கு எட்டினால் எடுத்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

புகை சாக்கின் ஓரமெல்லாம் கசிந்து சுவருக்கு மேலே எழும்பியது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னளா, தீப்பிடிச்சிருச்சா?"

"இல்லக்கா, கறி வேகுது."

"என்ன கறி, இந்தப் பொக பொகையுது?"

மெதுவாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பன்னிக்கறிக்கா" என்றேன். அவர் தலை சுவருக்குக் கீழே போய்விட்டது.

வெயில் உச்சிக்கு வந்தது. மதினி பையைக் கட்டி வைத்துவிட்டு, பிள்ளையின் பாவாடைகளையும் மடித்து அதன்மேல் வைத்தார். புறவாசலுக்கு வந்து நின்றார்.

"சாயங்காலம் பஸ்ஸு. அதத் தெறந்துதான் பாரேன். இன்னைக்கும் தோலா, இல்ல கறியான்னு தெரிஞ்சுக்கிடுதேன்."

என் கை மூடிக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டேன்.

"இப்பத் தெறக்க மாட்டேன் மதினி. இன்னொண்ணும் சொல்லுதேன். இது வெந்தாலும் சரி, வேகாட்டாலும் சரி, பிள்ளை இங்கனதான் இருப்பா. திங்கலன்னா நாளைக்கு வேற செய்வேன். அதையும் துப்புனா வேற. அந்தப் பாவாடைய எடுத்து உள்ள வச்சிருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாய் மட்டும் நல்லா வெந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெயில் சாய்ந்த பிறகுதான் சாக்கை எடுத்தேன். கறி செம்மண் நிறத்தில் இருந்தது. எலும்பு நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். எலும்பு மட்டும் கையோடு வந்தது. பிள்ளை கறித் துண்டை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து தின்றாள். துப்புகிறாளா என்று மதினியும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தோம். துப்பவில்லை. கொஞ்சம்தான் தின்றாள், ஆனால் விழுங்கினாள்.

மதினி பாவாடைகளைக் கொடியில் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். வழக்கமாக அவரை வழியனுப்ப நானும் பஸ் நிற்கிற இடம்வரை போவேன். அன்று போகவில்லை. கணவர் மட்டும் போய்த் திரும்பினார்.

"அக்கா வழியெல்லாம் பேசவே இல்ல. அவியகிட்ட நீ அப்படிப் பேசியிருக்கணுமா?"

எதைச் செய்தாலும் அந்தக் கேள்வியை நானே என்னிடம் பத்துத் தரம் கேட்டுக்கொள்கிறவள். அவர் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பேசியிருக்கணும்" என்றேன்.